ஐந்து குழி

ரோட்டில் ஆளை முழுங்குகிற பள்ளம் கிடக்கிறது. அதை அடைக்கச் சொல்லி ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். உடம்பில் கடுகத்தனை குழி விழுந்தால் மட்டும் பஸ் பிடித்து ஓடி வந்துவிடுகிறார்கள் இந்தக் காலத்து சனங்கள்.

கள்ளக்குறிச்சியில், துருகம் ரோட்டில் ஒரு தோல் கிளினிக்கில் நான் வாட்ச்மேன்.

தொடையில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது, பின்பக்கம் குழி குழியாக இருக்கிறது என்று வருவார்கள். சூட்டு மெஷின் வைப்பார்கள். உருளை போட்டுத் தேய்ப்பார்கள். தோலுக்கடியில் ஊசியை விட்டு, உள்ளே இழுத்துப் பிடிக்கிற நாரை அறுப்பார்கள். அதற்கும் மசியாத பள்ளத்தில் மருந்தை ஏற்றி மேடாக்குவார்கள்.

ஆறு மாசத்தில் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது.

அன்றைக்கு சனிக்கிழமை. இட ஒதுக்கீடு கேட்டு மறுபடியும் மறியல். முப்பத்து மூன்று வருசம் கழித்து அதே கோரிக்கை, அதே ரோடு. விழுப்புரத்திலிருந்து வர வேண்டிய டாக்டர் வழியில் மாட்டிக்கொண்டார்.

உள்ளே மூன்றே பேர். நான், நர்ஸ் தேவிப்ரியா, ரிஷிவந்தியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்ட இசைவாணி. அவள் தோளில் ஒரு வயசுப் பெண் குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

இசைவாணிக்கு இடுப்பில் பிறவியிலேயே குழி. போன மாசம்தான் மருந்தை ஏற்றி அடைத்து அனுப்பினார்கள்.

"நல்லா அடைஞ்சிக்கினு இருக்குதேக்கா. இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றாள் தேவிப்ரியா.

"அடைச்சத கரைச்சி எடுக்க ஊசி இருக்குதாமே. அத போடுங்க. எனக்கு என் குழி திரும்ப வேணும்."

நான் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிச் சிரித்தேன். "மூட ஒரு வாட்டி, நோண்ட ஒரு வாட்டியா? தெருவுல கொழா போடறவன் தோத்தான் போ."

அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள்.

ஐந்து குழி. நெருக்கமாக நான்கு, தள்ளி ஒன்று.

"எனக்கு அடைச்ச அன்னிக்கே இவளுக்கு வந்துடுச்சி பெரியவரே. என்னுது மாதிரியேதான். நாளுக்கு நாள் ஆழமாவுது. வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்கிறா, இளைச்சிக்கினே போறா. என்னுத எனக்கே குடுத்துடச் சொல்லுங்க."

தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பெண், எதைச் சொன்னாலும் நம்பிவிடும்.

"பாய் அச்சு வுழுந்திருக்கும்" என்றேன்.

"ஒரு மாசமாவா?"

உள்ளே போன் அடித்தது. டாக்டர்தான். அவரிடம் தானே பேசுவதாகச் சொல்லி இசைவாணி குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

குழந்தைக்கு உடம்பு கொதித்தது. நழுவிவிடப் போகிறதே என்று முதுகில் கை கொடுத்தேன்.

நான் தேடவில்லை. விரல்கள் தாமாக ஒவ்வொன்றாக இறங்கின. நான்கு விரல் நான்கில், கட்டைவிரல் தள்ளி இருந்ததில். பழகின செருப்புக்குள் கால் போகிற மாதிரி.

குழந்தை அழுகையை நிறுத்தியது. கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்தது.

இசைவாணி திரும்பி வந்தாள். "இன்னிக்கி வர முடியாதாம். மரத்த வெட்டிப் போட்டிருக்காங்களாம்" என்று சுவரில் சாய்ந்தாள். "நான் பொறந்தப்பவும் இதே கூத்துதான். எங்கம்மா வலியோட மாட்டு வண்டியில இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்குது. மறியல்ல திருப்பி வுட்டுட்டாங்க. வண்டியிலயே பொறந்துட்டேன். அதுக்கு மேல கேட்டா அம்மா பேசாது."

அப்புறம்தான் குழந்தையைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா இவ அழுவாம நான் பாத்ததில்ல. இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் கைய வச்சிருங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

விரல்களைப் பிடுங்கி எடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. குழந்தையை அவள் தோளில் போட்டேன். போட்டதும் வீறிட்டது. நான் கேட்டைப் பார்த்து நடந்தேன்.

ஐந்து விரல் எவனுக்குத்தான் இல்லை? இதையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை.

"பெரியவரே!" என்று கூப்பிட்டாள். நிற்கவில்லை.

எண்பத்தேழில் தியாகதுருகத்தில் புளியமரத்தை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ரோட்டை மறித்தோம். பிரசவம், பிரசவம் என்று பொய் சொல்லி எத்தனை வண்டி தாண்டியது தெரியுமா? வயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தவளைக்கூடப் பிடித்தோம். அதனால்தான் அந்த மாட்டு வண்டியில் கட்டியிருந்த சேலை மறைப்புக்குள் கையை விட்டேன். படுத்திருந்தவளின் வயிற்றில், ஐந்து விரலும் பதிய அழுத்திப் பார்த்தேன்.

பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துணி மூட்டை, வண்டியைத் திருப்பு என்று கத்தினேன்.

உள்ளே இருந்து என் உள்ளங்கையில் ஒரு உதை விழுந்த பிறகுதான் கத்தினேன்.