நாற்பத்திரண்டாவது ஹாரிங்டன்

“பசை ஆறட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுப்படி ஜன்னலில் மைதாப் பசை. பழைய ஜாம் பாட்டிலில். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார். அதனால் லேசான நீலம்.

மேசைமேல் நோட்டு திறந்திருந்தது. பழைய இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் ஒன்று பக்கத்தின்மேல் கிடந்தது. காற்றில் பறக்காமலிருக்க மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்திருந்தார்.

“இன்னைக்கு யாரு?” என்று கேட்டேன்.

“வானிலைக்காரர். மழை எப்ப வரும்னு சொல்ற ஆளு. செத்து அறுபது வருஷம் ஆச்சு.”

“அவரு உங்களுக்கு என்ன ஒறவு வேணும்?”

“ஒறவு ஒண்ணும் இல்ல. அவரும் ஹாரிங்டன், நானும் ஹாரிங்டன். அவ்வளவுதான்.”

ரொட்டி வாங்கி வருகிறேன் என்று இறங்கினார்.

காலை ஒன்பதே கால்.

பத்து மணிக்கு பேக்கரிக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“பெஞ்சுல உக்காந்தாரும்மா. கூப்பிட்டுப் பாத்தோம்” என்றார்.

அவர் கையில் எங்கள் ரொட்டி இருந்தது. வாங்கி உள்ளே வைத்தேன்.

அந்த நோட்டில் நாற்பத்தொரு ஹாரிங்டன்கள் இருந்தார்கள். ஒரு நீதிபதி. ஒரு குத்துச்சண்டைக்காரர். இரண்டு பாதிரியார்கள். தொப்பி வைத்த ஒரு நடிகை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த மனிதர், ஓய்வுபெற்ற பின் பழைய பேப்பர் கடைகளில் உட்கார்ந்து இவர்களைத் தேடி எடுத்தார்.

தாத்தாவுக்கு முன்னால் தன் வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பெயர் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒருநாள் கேட்டேன். “உங்கள எப்ப ஒட்டறது?”

“ரூல் இருக்கு, மிஸஸ் ஹாரிங்டன்.” கிண்டல் செய்யும்போது மட்டும் என்னை அப்படிக் கூப்பிடுவார். “செத்திருக்கணும். அச்சுல வந்திருக்கணும். முன்பின் தெரியாத மூஞ்சியா இருக்கணும். வீட்டு ஆள ஒட்டுனா அது ஆல்பம்.”

“அப்ப உங்களுக்கு எடமே இல்லையா?”

“இல்ல.”

சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் இறந்த அன்று மதியம் பேப்பரில் மரண அறிவிப்பு போட ஒருவர் வந்தார். எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர். என் வீட்டுக்காரரையும் அறிந்தவரல்ல. பெயர் கேட்டார். டெரிக் ஹாரிங்டன் என்றேன். வயது கேட்டார். சொன்னேன்.

“போட்டோ, மேடம்?”

“நோட்டுக்குள்ள இருக்கு. எடுத்துக்குங்க.”

பின்னட்டை உறையில் இருந்ததைத்தான் சொன்னேன். சென்னையில் ஹாரிங்டன் சாலைப் பலகைக்குக் கீழே நின்று எடுத்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கியிருப்பார்.

அந்த ஆள் மேசைக்குப் போனதைப் பார்த்தேன். கண்ணாடிக் கூட்டை நகர்த்தினதையும் பார்த்தேன்.

தடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டு லூர்து பேப்பரோடு ஓடிவந்தாள்.

“அக்கா, பேரு அண்ணன் பேரு. மூஞ்சி யாருக்கா?”

வாங்கிப் பார்த்தேன்.

“வானிலைக்காரர்” என்றேன்.

“எந்த ஊரு வானிலைக்காரரு?”

“தெரியாது.”

லூர்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காப்பி கொண்டுவரப் போனாள்.

அறிவிப்பு எடுத்தவர் போன் செய்தார்.

“மன்னிச்சிருங்க மேடம். படத்துக்குக் கீழ ஹாரிங்டன்னு அச்சடிச்சிருந்துச்சு. சாரோட சின்ன வயசு போட்டோன்னு நெனச்சிட்டேன். நாளைக்கே திருத்தம் போட்டுர்றோம்.”

“வேண்டாம்.”

“மேடம், சாரோட மூஞ்சி...”

“இருக்கட்டும்.”

சாயங்காலம் அடக்கம். பேப்பரைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூவை வைத்துவிட்டு நகர்ந்தார்.

பெட்டியை மூடியபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மூடியின் திருகாணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று சரியாக இறங்கவில்லை. அவராக இருந்தால் கழற்றி மறுபடி முடுக்கியிருப்பார்.

பன்னிரண்டு நாள் போயிற்று. வந்தவர்கள் கிளம்பினார்கள். லூர்து மட்டும் மதியம் குழம்பு கொண்டுவந்து வைப்பாள்.

அன்றைக்கு அவள் போன பிறகு நோட்டை எடுத்தேன்.

திறந்தபடியேதான் கிடந்தது. 42 என்று எழுதி, பக்கத்தில் புள்ளி வைத்திருந்தார். கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட பென்சில் கட்டம். காலியாக இருந்தது. அந்த ஆள் கொண்டுபோன படம் திரும்பி வரவில்லை.

பேப்பரிலிருந்து அறிவிப்பை வெட்டினேன். கட்டத்தைவிடச் சற்றே சிறியது. முகத்தோடு அவர் பெயரையும் சேர்த்தே வெட்டினேன்.

செத்திருக்க வேண்டும்.

அச்சில் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவதற்காக அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தேன். நடுவகிடு. அடர்ந்த மீசை. ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் மேலே.

எனக்கு முன்பின் தெரியாதவர்.

ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்தேன். பசைமேல் ஆடை படிந்திருந்தது. விரலால் ஒதுக்கினேன்.

கீழே ஈரம். அதே லேசான நீலம்.