அப்பாவின் பொறுமை

"ஈரத் துண்டைச் சோபாவில போடாதேடான்னு எத்தனை தடவை சொல்றது?"

அம்மா கேட்டதுதான் தாமதம், மகன் வீடே இடிந்து விழுகிற மாதிரி கத்தினான். அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டான். தினப்படி நடக்கிற கூத்துதான். அவளுக்கு மரத்துப்போய்விட்டது. துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள்.

இரும்புப் பட்டறையிலிருந்து வந்த அப்பாவோ, மகன் என்ன கத்தினாலும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "சரி, போ" என்பார். அதோடு சரி. இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பொறுமை என்று அவள் வியக்காத நாளில்லை.

கொஞ்ச நேரத்தில் மகன் வெளியே வந்தான். அப்பா முன்னால் நின்று, தலையைக் குனிந்தபடி மெதுவாக ஏதோ சொன்னான். சமையலறையில் இருந்தவளுக்குப் பதில் மட்டும்தான் கேட்டது.

"சரி, போ."

அடுத்த நிமிடம் அவன் தோளில் பை.

"எங்கடா கிளம்பிட்டே?"

"சித்தப்பா வீட்டுக்கு. தப்பெல்லாம் என் மேலதான்ப்பா, நான் இங்க இருக்கட்டுமா, போயிடட்டுமான்னு கேட்டேன். போன்னுட்டார்மா."

வாசல் கதவு முதல்முறையாகச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அவள் ஓடிவந்து கணவரின் தோளை உலுக்கினாள். அவர் சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"என்ன, கத்தி முடிச்சுட்டானா?"