மூக்கின் மேல் இடம்

செவ்வந்தி புதிதாக கான்டாக்ட் லென்ஸ் வாங்கியதிலிருந்து, பழைய மூக்குக்கண்ணாடி மேஜையில் சும்மா கிடந்தது. அந்த வருத்தம் அதற்கு ஆறவேயில்லை.

ஒருநாள் அவள் சட்னிக்குப் பச்சை மிளகாய் கிள்ளிவிட்டு, கையை வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்து லென்ஸை விரலில் எடுத்தாள்.

"அண்ணே, இந்த விரல்ல காரம் அப்படியே இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. பழகினவர் நீங்க, சொன்னா கேப்பாங்க" என்றது லென்ஸ்.

"எதுக்குத் தம்பி? நான்தான் வேண்டாதவன் ஆச்சே" என்றது கண்ணாடி.

லென்ஸ் கண்ணுக்குள் போனது. செவ்வந்தி துடித்துப் போனாள். எப்படியோ லென்ஸை எடுத்து எறிந்துவிட்டு, மேஜையைத் தடவிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடி இரண்டு காதுகளிலும் கால் போட்டு, பழையபடி மூக்கின் மேல் உட்கார்ந்தது. பெருமையோடு உள்ளே திரும்பிப் பார்த்தது.

இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.