ஒரு கை குறையுது

குளிர்காலத்தில் அந்தக் கிரேக்கத் தீவில் திறந்திருப்பது ஒரே ஒரு காபிக் கடைதான்.

“இன்னைக்காவது கப்பல் வருமா?” என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார் ஜெர்மன்காரர் ரைனர்.

“காத்து பேயா அடிக்குது, துறைமுகத்துல தடை போட்டுட்டாங்க. உக்காருங்க, சீட்டாடலாம்” என்றார் கப்பல் டிக்கெட் விற்கும் ஸ்த்ராதிஸ்.

ரைனர் பெருமூச்சுடன் போன் பேச வெளியே போனார்.

“அப்போ விடிகாலையில வந்துட்டுப் போனது கப்பல் இல்லையா?” என்று சிரித்தாள் கடைக்காரி அர்கிரோ.

“சும்மா இரு தாயே! நம்மகூடச் சீட்டாடுற பாண்டெலிஸ் ஏதென்ஸுக்குப் போயிட்டான். ஈஸ்டர் வரைக்கும் சீட்டுக்கு ஒரு கை குறையுதே!” என்றார் ஸ்த்ராதிஸ்.

விடிகாலையில் அந்தக் கப்பலைத் தன் அறை ஜன்னலிலிருந்து டாட்டா காட்டி வழியனுப்பிய ரைனர், வெளியே மனைவியிடம் உருகிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கும் கப்பல் இல்லையாம் கண்ணு. வீடு மாத்துற வேலை மொத்தமும் உன் தலையிலயா? எப்ப முடியும்? வெள்ளிக்கிழமையா? சனிக்கிழமை காத்து நின்னுடுமாம்!”