தைலமரத்தின் எல்லைத் தகராறு

மணற்காட்டில் ஒரு தைலமரம் இருந்தது. மண்ணுக்குள் கிழங்கு போலப் பருத்த ஒரே பெரிய வேர்க்கட்டை. அதிலிருந்து ஐந்து தண்டுகள் கிளம்பி, தனித்தனி மரங்கள் போல நின்றன.

"தள்ளி நில்லுடா, இது என் இடம்!" என்று நெட்டைத் தண்டு தினமும் கத்தியது.

"உன் பேர்ல பட்டா இருக்கா?" என்று குட்டைத் தண்டு சீறியது.

கிழங்குக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாரும் என்கிட்டதான் தண்ணி குடிக்கிறீங்க! அப்புறம் உங்களுக்குள்ள என்னடா எல்லைத் தகராறு?"

மேலே யாருக்கும் கேட்கவில்லை.

கோடையில் காட்டுத்தீ வந்து ஐந்தையும் கரியாக்கியது. மழை பெய்ததும் கிழங்கு, தான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஊட்டி, புதுத் துளிர்களை மேலே அனுப்பியது.

முதலில் தலைநீட்டிய துளிர் சுற்றுமுற்றும் பார்த்தது.

"தள்ளி நில்லுங்கடா! நான் யார் தயவும் இல்லாம தானா முளைச்சவன்" என்றது.