வலப்பக்க விளக்கு

தெற்குச் சுவரில் இரண்டு விளக்குகள் எரிந்தன. படம் ஒன்றுதான் இருந்தது.

இடப்பக்க விளக்கின் கீழே அவர் மனைவி. சந்தன மாலையோடு, லேசாகச் சிரித்தபடி.

வலப்பக்க விளக்கின் கீழே ஓர் ஆணி.

ஓர் ஆணிக்கு இவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

"கோமளம் படம் ஓரமா போயிடுச்சேம்மா. நடுவுல மாட்டச் சொல்லு," என்றார்.

ஷெரின் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். மகன் முகுந்தன் அமர்த்திய இன்டீரியர் டிசைனர். இந்த ஹாலில் ஒரு மாதமாக அவள் வைத்ததுதான் சட்டம்.

"இல்ல அங்கிள், கரெக்டாதான் இருக்கு. சிமெட்ரி. அந்த இன்னொரு ஆணி வந்து..."

முகுந்தன் அவளைப் பார்த்தான்.

அவள் மறுபடி லேப்டாப்பில் குனிந்துகொண்டாள்.

சிமெட்ரி என்றால் இரண்டு பக்கமும் சமம். அவருக்குத் தெரியும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் மீதியையும் போட்டுப் பார்த்தார்.

ஹாலிலிருந்து முதலில் போனது அவருடைய ஒயர் நாற்காலி. லுக்குக்கு ஒத்துவரவில்லையாம். இப்போது அதில் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உட்கார்கிறார். இவர் கீழே போனால் எழுந்து, "உட்காருங்க சார்" என்கிறார். மரியாதையான மனிதர்.

அப்புறம் பழைய பேப்பர் அடுக்கு. அப்புறம் மாத்திரை டப்பா.

கடைசியாகத் தினசரி காலண்டர். புது வருஷத்துக்கு மளிகைக்கடையில் கொடுத்தது. ஷெரின் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். செத்த எலிக்குக்கூட மூன்று விரல் கொடுப்பார்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன்பே, கம்ப்யூட்டரில் வரைந்த ஹாலை முகுந்தன் பெருமையாகக் காட்டியிருந்தான். சோபாவில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எங்கடா?"

"ஐயோ அப்பா, அது சும்மா மாடல்."

அந்தப் படத்திலேயே தெற்குச் சுவரில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்றில் கோமளம். இன்னொன்றில் வெறும் சாம்பல் நிறம். அன்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் முகுந்தன் அவரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னான். பால்கனியில் சாம்பல் நிறத் துணி ஒன்றைக் கட்டி, அதன் முன்னால் நிற்க வைத்தான்.

"ஆதாருக்காடா?"

"சும்மாப்பா. நேரா பாருங்க."

பக்கத்தில் ஷெரினும் நின்றாள்.

"லைட்டா சிரிங்க அங்கிள். ஆன்ட்டி சிரிக்கிறாங்கல்ல, மேட்ச் ஆகணும்."

சிரித்தார். ஏதோ ஆல்பம் போடப்போகிறார்கள் என்று நினைத்து, மனசாரச் சிரித்தார். ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது.

தெற்குச் சுவர் இறந்தவர்களுக்குத்தான் என்று வாஸ்து கேட்டு வந்து சொன்னவனும் முகுந்தன்தான்.

நல்ல பிளானிங். பிறகு வந்து துளை போட்டால் வால்பேப்பர் கிழிந்துவிடும்.

அவர் எழுந்து போய் ஆணிக்குக் கீழே நின்று பார்த்தார். வெளிச்சம் சரியாக நெற்றியில் விழுந்தது. கோமளத்துக்கும் அப்படித்தான் விழுந்தது.

"எப்படிப்பா இருக்கு?" என்றான் முகுந்தன்.

"எல்லாருக்கும் இடம் வச்சிருக்கீங்க."

ஷெரின் தேங்க்யூ சொன்னாள்.

தூங்கப் போகுமுன் வலப்பக்க விளக்கை மட்டும் அணைக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

காலையில் முகுந்தன் பல் தேய்த்துவிட்டு ஹாலுக்கு வந்தான்.

தெற்குச் சுவரில் விளக்குகள் எரிந்தன. இடப்பக்கம் அம்மா. வலப்பக்கம் காலண்டர். மேலே முருகன், நடுவில் தேதி, அடியில் மளிகைக்கடையின் பெயரும் போன் நம்பரும்.

ஆணி கச்சிதம். வெளிச்சம் அதைவிடக் கச்சிதம். எமகண்டம் எப்போது என்று சோபாவில் இருந்தபடியே படிக்க முடிந்தது.

சோபாவில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் காபி.

"அப்பா, அங்க ஏன் மாட்டினீங்க? அது..."

"அது?"

முகுந்தன் அண்ணாந்து பார்த்தான். ஃபால்ஸ் சீலிங் நன்றாகத்தான் இருந்தது.

"சொல்லுடா. அது என்ன இடம்?"

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொன்று விடுமா என்று இருவரும் காத்திருந்தார்கள். விடவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் கோணலா இருக்கு."

"அப்போ நேராக்கு."

போய் நேராக்கினான்.

"கையோட நேத்து தாளையும் கிழிச்சிடு."

கிழித்தான். கிழித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். புது ஹாலில் அதற்கு இடமில்லை.

பொங்கலே இன்னும் வரவில்லை. காலண்டர் தடியாக இருந்தது.