மில்ரன் எப்படிப்பட்டவர்?

"தங்கமான பிள்ளை. வெத்திலைகூடப் போடமாட்டார். ஞாயிறு பூசைக்கும் தப்பமாட்டார்," என்றார் சந்தனம் அக்கா.

றொசானாவுக்கு அழுகை வராத குறை.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து மன்னாரின் பாப்பாமோட்டைக்குத் திரும்பிய குடும்பங்களை மில்ரன் ஆராய்கிறான். அந்த மில்ரனை றொசானா ஆராய்கிறாள். ஓர் ஆய்வாளர் ஊருக்குள் வந்து எதைக் கேட்கிறார், எதை எழுதுகிறார், எதை விட்டுவிடுகிறார், புத்தகத்தில் வரும் அறிவு எப்படி உருவாகிறது என்பதுதான் அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு. ஆனால் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பல்லவி. இதை வைத்து ஓர் அத்தியாயம்கூடத் தேறாது. நாளை யாழ்ப்பாணம் திரும்ப வேண்டும்.

கைபேசி அடித்தது.

"அம்மா, கலியாணக் கதையெல்லாம் பிறகு. வையுங்கோ!"

சந்தனம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவளுடைய தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

"அக்கா, அவரில ஒரு குறைகூடவா இல்லை? உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு அதுதான் வேணும்."

சந்தனம் வாசலை எட்டிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"ஒண்டு இருக்கு. வேலையில அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. இந்தியாவுக்குப் படகில போகேக்க என்ர மகள் கடலோட போன கதையைக் கேட்டார். நான் அழ, பேனையை வைச்சிட்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார். ஒரு எழுத்தும் எழுதேல்லை. பிறகு அதைக் கேட்டு வரவும் இல்லை. கனக்க வீட்டில இப்பிடித்தான்."

றொசானாவின் பேனை நின்றது. அவள் தேடிய அத்தியாயம் இதுதான். ஆனால் எழுத மனம் வரவில்லை.

"ஐயோ, இதை எழுதாதேங்கோ பிள்ளை!" சந்தனம் பதறிப்போனார். "சண்டையில தாய் தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளை. அவருக்காகக் கதைக்க எங்களை விட்டா ஆர் இருக்கினம்? ஆரும் ஒரு குறையும் சொல்லக்கூடாதெண்டு ஊரே பேசி வைச்சனாங்கள்."

"ஏன் அக்கா?"

"தம்பிதானே சொன்னவர், தன்னைப் பற்றி அறிய ஒரு பிள்ளை வருகுதெண்டு. பொம்பிளை வீட்டில இருந்துதானே நீங்கள் விசாரிக்க வந்தனீங்கள்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் றொசானா. அதை விட்டுவிட்டு, சற்று முன் துண்டித்த அழைப்பைத் தானே திரும்ப எடுத்தாள்.

"அம்மா, மன்னாரில ஒரு பெடியன் இருக்கிறார். நான் வடிவா விசாரிச்சிட்டன்."